‘வா’ என்ற வினைச்சொல்: பொருளும் வேரும் வழக்கும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

குழந்தை முதலில் புரிந்துகொள்ளும் ஏவல்களில் ஒன்று ‘வா’. கையை நீட்டி “வா வா” என்றால் பேசத் தெரியாத பிள்ளையும் தவழ்ந்து வந்துவிடும். அப்படிப்பட்ட சொல்லைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் தமிழ் கற்பவர்கள், கற்பிப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், செய்தி எழுதுபவர்கள் எல்லோரும் எங்காவது ஓரிடத்தில் இந்தச் சொல்லில் தடுக்கி நிற்கிறார்கள். அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே.

‘வா’ என்பதற்கு நேர்ப்பொருள் என்ன?

அகராதியைப் பார்த்தால் ‘அணுகு’, ‘வந்து சேர்’, ‘நேர்’, ‘தோன்று’, ‘பிற’, ‘இயலு’ என்று பொருள்கள் அடுக்கியிருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: பேசுகிறவர் பக்கமாகவோ கேட்கிறவர் பக்கமாகவோ நடக்கும் அசைவு. நட, ஓடு, பற, நீந்து போன்ற வினைகள் எப்படி அசைகிறோம் என்பதைச் சொல்கின்றன. ‘வா’ அதைச் சொல்வதில்லை. நடந்தும் வரலாம், பஸ்ஸிலும் வரலாம், தபாலிலும் வரலாம். யார் பக்கம் வருகிறது என்பதை மட்டும் அது விடாமல் பிடித்துக்கொள்கிறது. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல சிக்கல்கள் தாமாகவே அவிழும்.

நான் உங்கள் வீட்டுக்குப் புறப்படும்போது “வருகிறேன்” என்கிறேனே, அது எப்படி? நான் இருக்கும் இடத்தை விட்டுப் போகத்தானே செய்கிறேன்?

உண்மைதான், உங்கள் கால் உங்கள் வீட்டை விட்டு விலகத்தான் செய்கிறது. ஆனால் கேட்கிறவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போவதும் தமிழில் வருவதுதான். “சாயங்காலம் உங்க வீட்டுக்கு வரேன்” என்றுதான் சொல்வோம். “உங்க வீட்டுக்குப் போறேன்” என்று சொன்னால், கேட்கிறவர் அப்போது வீட்டில் இல்லை, வேறு எங்கோ இருக்கிறார் என்று பொருள்படும். அவர் கடையில் நிற்கிறார், நீங்கள் அவர் வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்கப் போகிறீர்கள் என்பது போல.

கூடச் சேர்ந்து போவதற்கும் இதே வினைதான். “நான் சினிமாவுக்குப் போறேன், நீயும் வரியா?” என்ற வாக்கியத்தைக் கவனியுங்கள். போகிற இடம் ஒன்றுதான், தியேட்டர். ஆனால் எனக்குப் ‘போ’, உனக்கு ‘வா’. நீ சேர்வது என்னோடு என்பதால் உன் அசைவு என் பக்கமாகிவிடுகிறது.

இந்த வேறுபாட்டைப் பழைய இலக்கணம் கவனித்திருக்கிறதா?

மிக நுட்பமாகக் கவனித்திருக்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்திலேயே செலவு (செல்லுதல்), வரவு, தரவு (தருதல்), கொடை என்ற நான்கையும் ஒன்றாக எடுத்துவைத்துப் பேசுகிறது. இவை தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற மூன்று இடத்துக்கும் உரியவை என்று முதலில் பொதுவாகச் சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவில் பிரிக்கிறது:

“தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும்
தன்மை முன்னிலை ஆயீர் இடத்த.”

அதாவது, தருதலும் வருதலும் என்னிடம், உன்னிடம் என்ற இரண்டு இடத்துக்கே உரியவை. மற்ற இரண்டும், செல்லுதலும் கொடுத்தலும், படர்க்கைக்கு உரியவை என்று அதற்கடுத்த நூற்பா முடிக்கிறது. எனக்குத் தந்தான், உனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான், அவனிடம் சென்றான்.

நகர்வதையும் கொடுப்பதையும் ஒரே வரிசையில் வைத்த அந்தப் பார்வை எனக்குப் பெரிய வியப்பு. ஆள் நகர்ந்தாலும் சரி, பொருள் கை மாறினாலும் சரி, அது நம் பக்கம் வருகிறதா, நம்மைத் தாண்டி மூன்றாம் ஆளிடம் போகிறதா என்பதைத்தான் அந்தப் புலவர் பார்த்திருக்கிறார்.

இன்றைய தமிழ்நாட்டுப் பேச்சில் இந்த நான்கில் பாதி கலைந்துவிட்டது. “எனக்குக் கொடு” என்று தயங்காமல் சொல்கிறோம். மலையாளத்தில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். எனக்கு என்றால் ‘தா’, அவனுக்கு என்றால் ‘கொடு’ என்ற பழைய பிரிவை அவர்கள் இன்னும் காத்துவருகிறார்கள். ஆனால் ‘வா’வும் ‘போ’வும் தமிழில் துளியும் கலையவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட இதில் தவறுவதில்லை.

அப்படியானால் “இராமன் காட்டுக்கு வந்தான்” என்று கதையில் எழுதுவது தவறா? அங்கே நானும் இல்லை, நீங்களும் இல்லையே.

தவறில்லை. கதை சொல்கிறவர் தம்மைக் காட்டில் நிறுத்திக்கொண்டு, கேட்கிறவரையும் கைப்பிடித்து அங்கே கூட்டிவந்துவிடுகிறார். “இராமன் காட்டுக்குப் போனான்” என்றால் நாம் அயோத்தியில் நின்று அவன் முதுகைப் பார்க்கிறோம். “வந்தான்” என்றால் மரத்தடியில் நின்று அவன் முகத்தைப் பார்க்கிறோம். நல்ல கதைசொல்லிகள் அத்தியாயம் மாறும்போது இந்த ஒரு வினையை மாற்றியே வாசகரை இடம் மாற்றிவிடுவார்கள்.

செய்திகளில் “அமைச்சர் ஜப்பானுக்கு வருகை தந்தார்” என்று பார்க்கிறேன். சரியா?

செய்தி ஜப்பானிலிருந்து ஜப்பானில் இருப்பவர்களுக்காக எழுதப்பட்டிருந்தால் சரி. சென்னையில் உட்கார்ந்து சென்னை வாசகருக்கு எழுதினால் “சென்றார்” என்பதே சரி. ‘வருகை தந்தார்’ என்பதில் வரவும் இருக்கிறது, தரவும் இருக்கிறது. தொல்காப்பியர் தன்மைக்கும் முன்னிலைக்கும் ஒதுக்கிய இரண்டு வினைகளும் ஒரே தொடரில் கூடியிருக்கின்றன. அதைக் கொண்டுபோய் மூன்றாம் இடத்துக்குப் போடுவது காதை உறுத்தும். மரியாதை காட்டவேண்டும் என்ற எண்ணத்தில்தான் இப்படி எழுதுகிறார்கள் என்று புரிகிறது. ஆனால் ‘சென்றார்’ என்பதில் எந்த மரியாதைக் குறைவும் கிடையாது.

இந்த வினையின் பகுதி (அடிச்சொல்) ‘வா’வா, ‘வரு’வா? ஏன் இத்தனை வடிவங்கள்?

பள்ளி இலக்கணப்படி பகுதி ‘வா’. நன்னூல் ஏவல் வினைப் பகாப்பதங்களுக்கு (மேலும் பிரிக்க முடியாத சொற்களுக்கு) மாதிரியாக 23 வினைகளை அடுக்கும்போது “நடவா மடிசீ” என்றுதான் தொடங்குகிறது. நட, வா, மடி, சீ. பட்டியலில் இரண்டாவதே நம் வினை. அதே பட்டியலில் போ, செல் இரண்டும் பின்னால் வருகின்றன.

வடிவங்களைப் பார்த்தால் மூன்று உருவம் தெரியும். ஏவலிலும் எதிர்மறையிலும் நெடில்: வா, வாரான், வாராது. நிகழ்காலத்திலும் எதிர்காலத்திலும் ‘வரு’: வருகிறான், வருவான். இறந்தகாலத்தில் ‘வ’ மட்டும்: வந்தான். வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் எழுதும்போது “வா, ‘வ’ எனக் குறுகியது விகாரம், த், ‘ந்’ ஆனது விகாரம்” என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள்.

இந்த ஒழுங்கின்மைக்கு ஒரு துணை இருக்கிறது. ‘தா’வைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வா, தா. வருவான், தருவான். வந்தான், தந்தான். வாரான், தாரான். பழைய பன்மை ஏவல்கூட வம்மின், தம்மின். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் இம்மியும் பிசகாது. தமிழில் இந்த வாய்பாட்டில் முழுமையாக நடப்பவை இவை இரண்டும்தான். பொருளால் தொல்காப்பியர் சேர்த்துவைத்த இரண்டு வினைகள் உருவத்தாலும் இரட்டையாக நிற்கின்றன. இது தற்செயலாக இருக்க வழியில்லை என்றே நான் நினைக்கிறேன். மிகப் பழைய காலத்திலேயே இவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

இதன் வேர் எவ்வளவு பழையது? மற்ற மொழிகளில் உண்டா?

திராவிடக் குடும்பம் முழுக்கவே உண்டு. அதனால் தமிழ், தெலுங்கு என்று கிளை பிரிவதற்கு முன்பே இருந்த சொல் என்று துணிந்து சொல்லலாம். பர்ரோ, எமனோ என்ற மொழியியலாளர் இருவரும் தொகுத்து 1961-ல் முதல் பதிப்பாகவும் 1984-ல் திருத்திய பதிப்பாகவும் வந்த திராவிட வேர்ச்சொல் அகராதியில் இதற்கு நீளமான பதிவு இருக்கிறது.

மலையாளத்தில் வா, வரு, வந்நு. நமக்கு விளக்கமே தேவையில்லை. கன்னடத்தில் பா, பரு, பந்த. தமிழில் சொல் முதலில் வகரம் வரும் இடத்தில் கன்னடத்தில் பெரும்பாலும் அதிர்வுள்ள பகரம் (ஆங்கில b ஒலி) வரும். வில் அங்கே பில்லு, வேர் அங்கே பேரு, அதே வழியில் வா அங்கே பா. பெங்களூரில் வீட்டுக்குள் அழைக்கும்போது “பன்னி” என்பார்கள். அது நம் “வாங்க”தான். துளுவும் இதே பகரப் பாதையில் போகிறது.

தெலுங்குதான் பலரைக் குழப்பும். ‘வச்சாடு’ என்றால் வந்தான், அங்கே வகரம் தெரிகிறது. ஆனால் ஏவல் ‘ரா’, மரியாதையோடு ‘ரண்டி’. வகரம் எங்கே போயிற்று? தெலுங்கில் சொல்லின் முதல் உயிரும் அடுத்த மெய்யும் இடம் மாறிக்கொள்வது பழைய பழக்கம். உரல் அங்கே ரோலு. இரண்டு அங்கே ரெண்டு. அதே போல ‘வர’ என்பது ‘வ்ரா’ ஆகி, முதல் வகரமும் உதிர்ந்து ‘ரா’ என்று நின்றது. ஆக, விஜயவாடாவில் கேட்கும் “ரா”வும் மதுரையில் கேட்கும் “வா”வும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

வடக்கே சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் பகுதிகளில் பேசப்படும் குடுக்கு மொழியில் ‘பர்-’ என்றால் வா. அதையும் தாண்டி, இன்று பாகிஸ்தானில் உள்ள பலுச்சிஸ்தானில் பேசப்படும் பிராகுயி மொழியிலும் ‘பர்-’, ‘பன்-’ என்ற வடிவங்களில் இந்த வினை உயிரோடு இருக்கிறது. எத்தனையோ சொற்களைப் பிற மொழிகளிடமிருந்து வாங்கிக்கொண்ட மொழி அது. ஆனாலும் இந்தச் சொல்லை விட்டுவிடவில்லை.

வா, தா போன்ற வினைகளில் நெடிலும் குறிலும் மாறி மாறி வருவதற்கு, மூலத் திராவிடத்தில் தொண்டையில் பிறந்து பின்னாளில் மறைந்துபோன ஒரு மெய் காரணமாக இருக்கலாம் என்று மொழியியலாளர் பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி கருதினார். தமிழின் ஆய்த எழுத்தை அந்த ஒலியின் எச்சமாக அவர் பார்த்தார்.

சமஸ்கிருதத்திலிருந்து வந்ததா? லத்தீன் ‘வேனியோ’வோடு தொடர்பு உண்டா?

இரண்டுமே இல்லை. சமஸ்கிருதத்தில் ‘வா’ என்று அழைக்க ‘ஆகச்ச’ என்பார்கள். ‘கம்’ என்ற போதல் வினைக்கு முன்னால் ‘ஆ’ சேர்த்தது அது. லத்தீன் ‘வேனியோ’, ‘வருகிறேன்’ என்று பொருள்படுவதால், காதுக்கு நம் சொல் போலவே இருக்கும். ஆனால் அந்த வகரம் பிற்காலத்தில் உண்டானது. இந்தோ ஐரோப்பிய மூலமொழியில் அது ககரத்தின் இனமான ஒலியில் தொடங்கிய வேர். சமஸ்கிருதத்தின் ‘கம்’, ஆங்கிலத்தின் ‘கம்’, லத்தீனின் ‘வேனியோ’ மூன்றும் அந்த ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. தமிழ் ‘வா’வோடு அது ஒத்திருப்பது வெறும் தற்செயல். ஒலி ஒத்துப்போனால் உறவு என்று எழுதிவிடும் பழக்கம் இணையத்தில் நிறைய இருக்கிறது. தமிழுக்கு அது எந்தப் பெருமையையும் சேர்ப்பதில்லை. உண்மையான உறவுகளைத்தான் மறைக்கிறது.

‘வா’விலிருந்து பிறந்த சொற்கள் எவை?

கணக்குப் புத்தகத்தில் வரவு. அலுவலகத்தில் வருகைப்பதிவேடு. மாதக் கடைசியில் வருமானம், வரும்படி, வருவாய். கல்யாண மண்டபத்தில் வரவேற்பு (வரவை ஏற்பது). பள்ளியில் வரலாறு, அதாவது வரல் + ஆறு, வந்த வழி. வங்கியில் வாராக்கடன். ஜோசியரிடம் வருங்காலம். எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்.

‘வரத்து’ என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். “தக்காளி வரத்து குறைவு, விலை ஏறிவிட்டது” என்று சந்தைச் செய்தி படிக்கிறோம். “மேட்டூர் அணைக்கு நீர்வரத்து இத்தனை கனஅடி” என்று மழைக்காலத்தில் தினமும் கேட்கிறோம். சாலையில் போக்கும் வரத்தும் சேர்ந்து போக்குவரத்து. கிராமத்தில் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலுக்கு வரத்துக்கால் என்றே பெயர். மழைக்கு முன்னால் ஊர்கூடி வரத்துக்காலைத் தூர்வாருவார்கள். அது அடைந்துபோனால் வானம் கொட்டித் தீர்த்தாலும் கண்மாய் வறண்டே கிடக்கும். அந்தப் பெயரை வைத்தவர் கண்மாய்க்கரையில் நின்று பார்த்திருக்கிறார். மேட்டிலிருந்து பார்த்தால் அது தண்ணீர் போகும் வாய்க்கால். கண்மாய்க்கரையிலிருந்து பார்த்தால்தான் தண்ணீர் வரும் வாய்க்கால்.

வாராக்கடனையும் விட மனமில்லை. அதில் உள்ள ‘வாரா’ என்பது இனி வராது என்று வங்கி கைவிட்ட கடன். தொல்காப்பியம் எதிர்காலத்தை ஓரிடத்தில் ‘வாராக் காலம்’ என்கிறது. அங்கே ‘வாரா’ என்றால் இன்னும் வந்து சேராத காலம். ஒரே எதிர்மறை, ஓரிடத்தில் நம்பிக்கை போனது, இன்னோரிடத்தில் காத்திருப்பது.

‘வா’விலிருந்து பிறந்தது போலத் தோன்றி, உண்மையில் பிறக்காதவை?

வருடம், வாரம், வரம், வரன், வந்தனம் எல்லாம் வடமொழி வழியாக வந்தவை. ‘வருடம்’ மழையைக் குறிக்கும் ‘வர்ஷ’த்திலிருந்து வந்தது. ‘வருகிறது, அதனால் வருடம்’ என்று சொல்வது அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது. வாரிசும் வாய்தாவும் அரபியில் பிறந்து உருது வழியாகக் கோர்ட்டுக் கச்சேரிக்கும் நம் பேச்சுக்கும் வந்தவை. வாசல் என்பது வாயில், அதாவது வாய் + இல்.

“வாங்க” என்பதும் ‘வாங்கு’ என்பதும் உறவா?

இல்லை. “வாங்க வாங்க, என்ன வாங்க வந்தீங்க?” என்று கடைக்காரர் கேட்கும்போது இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். முதல் இரண்டும் ‘வாருங்கள்’ என்பதன் பேச்சு வடிவம். அடுத்தது வேறு வினை. பழைய தமிழில் ‘வாங்கு’ என்றால் வளை, இழு. வில்லை வாங்குதல் என்றால் வில்லை வளைத்தல். தன் பக்கம் இழுப்பதிலிருந்து பெற்றுக்கொள்வதும், அப்புறம் காசு கொடுத்துப் பெறுவதும் அதற்குப் பொருளாயின.

விடைபெறும்போது ஏன் “போகிறேன்” என்று சொல்லக் கூடாது என்கிறார்கள்?

பெரியவர்கள் உடனே திருத்துவார்கள்: “போறேன்னு சொல்லாதே, போய்ட்டு வரேன்னு சொல்லு.” ‘போ’ என்ற வினைக்கு இறந்துபோவது என்ற பொருளும் உண்டு. “அவர் போய்ட்டார்” என்ற இரண்டே சொல்லில் சாவுச் செய்தி முடிந்துவிடும். அதனால் வாசலில் நின்று ‘போகிறேன்’ என்பது அபசகுனமாகப் பட்டது. ஆனால் எனக்குக் காரணம் அதோடு நின்றுவிடுவதாகத் தெரியவில்லை. ‘வரேன்’ என்று முடிக்கும்போது, திரும்பி வருகிற இடம் கேட்கிறவர் இருக்கும் இடம்தான் என்று சொல்லிவிட்டுப் போகிறோம். இந்த வீடும் என் வீடு என்பது அதில் அடங்கியிருக்கிறது. பல ஊர்களில் ‘போய்விட்டு’ என்பதும் தேய்ந்து “வரேங்க” என்று மட்டுமே சொல்லிக் கிளம்புகிறார்கள். வேற்று மொழிக்காரர் கேட்டால் திகைத்துவிடுவார்: செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்குகிறவர் ‘வருகிறேன்’ என்கிறாரே என்று.

யாழ்ப்பாணத்தில் “போட்டு வாறன்” என்பார்கள். அங்கே ‘போட்டு’ என்பது ‘போய்விட்டு’ என்பதன் தேய்வு. எதையும் கீழே போடுவதில்லை. இந்த மரபு தமிழோடு முடியவில்லை. தெலுங்கில் “வெள்ளொஸ்தானு”, கன்னடத்தில் “ஹோகி பர்தீனி”, மலையாளத்தில் “போயிட்டு வராம்”. எல்லாமே போய்விட்டு வருகிறேன்தான். திராவிட மொழி அல்லாத சிங்களத்திலும் “கிஹின் என்னம்” என்று இதே பொருளில் விடைபெறுகிறார்கள். மொழிக்குடும்பம் வேறாக இருந்தும், அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர்கள் வாசற்படியில் ஒரே சொல்லைச் சொல்லப் பழகியிருக்கிறார்கள்.

திருக்குறளில் பிரிவாற்றாமை அதிகாரத்தின் முதல் குறள் இந்த இடத்தில்தான் கை வைக்கிறது. தலைவன் பொருள் தேடப் புறப்படுகிறான், சீக்கிரம் வந்துவிடுவேன் என்கிறான். அதற்குத் தலைவியின் பதில்:

“செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின்
வல்வரவு வாழ்வார்க் குரை.”

போகவில்லை என்றால் மட்டும் என்னிடம் சொல். விரைந்து வருவதைப் பற்றி, நீ வரும்வரை உயிரோடு இருப்பவர்களிடம் சொல்லிக்கொள். ஊரே ஆறுதலாகச் சொல்லும் ‘போய்விட்டு வருகிறேன்’ என்பதைச் செல்லாமை, வல்வரவு என்று இரண்டாகப் பிளந்து, இரண்டாம் பாதியை வாங்கிக்கொள்ள மறுக்கிறாள். செலவுக்கும் வரவுக்கும் நடுவே உள்ள தூரத்தை இதைவிடக் கூர்மையாகச் சொன்ன இரண்டு அடியை நான் படித்ததில்லை.

இன்னும் வீட்டை விட்டே கிளம்பாதவர் போனில் “இதோ வந்துட்டேன்” என்கிறாரே. பொய்தானே?

இலக்கணப்படி பொய்யில்லை. இதற்குத் தொல்காப்பியத்தில் தனி விதியே இருக்கிறது. இனி நடக்கப்போவதையும் இப்போது நடப்பதையும் இறந்தகாலத்தில் சொல்வது விரைவைக் காட்டும் என்கிறது வினையியல். “விரைந்த பொருள என்மனார் புலவர்” என்று அந்த நூற்பா முடிகிறது. உரையில் தரும் எடுத்துக்காட்டு இன்றைக்கும் அப்படியே பொருந்தும். சோறு தாமதமாகிறது. கூடப் புறப்பட வேண்டியவர் அவசரப்பட்டு “இன்னும் உண்ணவில்லையா?” என்று கேட்கிறார். உண்ணாதவன் சொல்கிறான்: “உண்டேன், போந்தேன்.” அந்தப் ‘போந்தேன்’ இருக்கும் இடத்தில் இன்று நாம் ‘வந்துட்டேன்’ என்கிறோம்.

“எனக்கு நீச்சல் வராது”, “கோபம் வந்தது”, “சாமி வந்தது”: இவற்றில் யார் நகர்கிறார்கள்?

நாம் நகர்வதில்லை, அவைதான் நம்மிடம் வருகின்றன. தமிழில் பல உணர்ச்சிகளை நாம் செய்வதாகச் சொல்வதில்லை. தூக்கம் வருகிறது, சிரிப்பு வருகிறது, அழுகை வருகிறது, ஞாபகம் வருகிறது, காய்ச்சல் வருகிறது. நமக்கு என்ற நான்காம் வேற்றுமையில் நாம் இருந்த இடத்தில் இருக்கிறோம். அவை வெளியிலிருந்தோ உள்ளிருந்தோ நம்மை வந்தடைகின்றன. திருவிழாவில் உடுக்கைச் சத்தம் ஏற ஏற ஒருவர் உடல் நடுங்கத் தொடங்கும்போது சுற்றி நிற்பவர்கள் “சாமி வந்திருச்சு” என்பார்கள். அவர் சாமி ஆவதில்லை, சாமி அவர் மேல் வருகிறது.

திறமையும் அப்படித்தான். “அவளுக்குக் கணக்கு நல்லா வரும்”, “எனக்குப் பாட்டு வராது.” ‘என்னால் பாட முடியாது’ என்பது வேறு. தொண்டை கட்டியிருந்தால், கச்சேரி வித்வானாலும் இன்று பாட முடியாது. பாட்டு வராது என்பது அந்தக் கலை எனக்குப் படியவில்லை என்பது. இந்த இரண்டையும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒன்றாக்கிவிடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

நல்லது மட்டுமா வருகிறது? வினையும் வரும், வம்பும் வரும். “தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று” என்ற பழமொழியில் ஆபத்து வருவதும் போவதும் ஒரே வாக்கியத்தில் நடந்துவிடுகிறது.

“எழுதி வருகிறார்” என்பதும் “எழுதிக்கொண்டிருக்கிறார்” என்பதும் ஒன்றா?

இல்லை. இந்தக் கணம் பேனாவும் கையுமாக இருப்பவர் எழுதிக்கொண்டிருக்கிறார். பத்து வருடமாகப் பத்திரிகையில் தொடர்ந்து எழுதுபவர் எழுதி வருகிறார், இந்த நிமிடம் அவர் தூங்கிக்கொண்டிருந்தாலும். ‘வா’ துணைவினையாக வரும்போது காலத்தின் மேல் நடந்து இன்றைக்கு வந்து சேரும் ஒரு நீளத்தைத் தருகிறது. “போலீசார் விசாரித்து வருகின்றனர்” என்பது அதனால்தான் பொருந்துகிறது. “அவர் குளித்து வருகிறார்” என்று இந்த நிமிடத்துக்குச் சொன்னால் பொருந்தாது. குளித்துவிட்டு வருகிறார் என்று வேறு பொருளாகிவிடும்.

பேச்சில் “அது வந்து...”, “நான் வந்து...” என்று இழுக்கிறோமே, அந்த ‘வந்து’க்கு என்ன பொருள்?

அங்கே நகர்வு எதுவும் இல்லை. “நான் வந்து ஸ்கூல்ல வேலை பார்க்கிறேன்” என்பதில் ‘வந்து’ ஒரு சின்ன நிறுத்தம். இனி வரப்போவதுதான் விஷயம் என்று கேட்கிறவரைத் தயார் செய்கிறது. கேட்ட கேள்விக்குச் சங்கடமான பதில் என்றால் “அது வந்து...” நீண்டுகொண்டே போகும். எழுத்தில் தேவையில்லை. ஆனால் கதை உரையாடலில் இடம் பார்த்து ஒரே ஒரு ‘வந்து’ போட்டால் பாத்திரம் உயிரோடு பேசும்.

அழைப்பதில் எத்தனை படிகள் இருக்கின்றன?

நெருக்கத்துக்கு வா, வாடா, வாடி, வாம்மா, வாய்யா. மரியாதைக்கு வாங்க, யாழ்ப்பாணத்திலும் வேறு சில வழக்குகளிலும் வாங்கோ. நெல்லைப் பக்கம் கூட்டாளியை “ஏலே, வாலே” என்பார்கள். எழுத்தில் வாருங்கள். மேடையில் “வருக, வருக.” இந்த ‘வருக’ வியங்கோள். ஏவலில் இல்லாத வேண்டுதலும் வாழ்த்தும் அதில் உண்டு. வீட்டு வாசலில் கோலமாவில் எழுதும் ‘நல்வரவு’ம் இதன் உறவுதான்.

அழைப்புக்கென்றே தமிழ் இலக்கியம் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆறாவது வாரானைப் பருவம், வருகைப் பருவம் என்றும் சொல்வார்கள். நடை பழகும் குழந்தையைத் தளர்நடையிட்டு வா என்று அழைப்பது. பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழில் இந்தப் பருவத்தில் ‘வருக வருகவே’ என்று முடித்து முடித்துத் தாயை மகளாக்கி அழைக்கிறார். “தொடுக்கும் கடவுள் பழம்பாடல்” என்று தொடங்கும் பாட்டைத் திருமலை நாயக்கர் முன்னிலையில் அரங்கேற்றியபோது, மீனாட்சியே சிறு பெண்ணாக வந்து புலவர் கழுத்தில் முத்துமாலை இட்டாள் என்பது மதுரை மரபில் சொல்லிவரும் செய்தி. வா என்று முறையாக அழைத்தால் தெய்வமும் வரும் என்று நம்பிய மரபு இது.

எழுதும்போது எது சரி: வருங்கள், வாருங்கள்? வராது, வாராது? வரேன், வர்றேன், வாறேன்?

‘வாருங்கள்’ மட்டுமே சரி, ‘தாருங்கள்’ போல. ‘வாராது’ பழைய வடிவம், ‘வராது’ இன்றைய உரைநடையில் நிலைத்துவிட்டது, இரண்டையும் எழுதலாம். ஆனால் வாராக்கடனை ‘வராக்கடன்’ ஆக்க வேண்டாம்.

பேச்சு வடிவங்களில் சரி, தவறு என்று எதுவும் இல்லை, பாத்திரம் எந்த ஊர் என்பதைப் பொறுத்தது. சென்னைக்காரர் ‘வரேன்’, ‘வர்றேன்’ இரண்டும் சொல்வார். தெற்கே போகப்போக ‘வாரேன்’ காதில் விழும். இலங்கையில் ‘வாறன்’, ‘வாறேன்’. வல்லின றகரம் போடுவதற்குக் காரணம் உண்டு, ‘வருகிறேன்’ என்பதில் உள்ள ‘கிறு’வின் மிச்சம் அது. ஆனால் ‘வறுகிறேன்’ என்று எழுதிவிடாதீர்கள். பகுதியில் இருப்பது இடையின ரகரம், வல்லின றகரம் போட்டால் அடுப்பில் வறுப்பதாகிவிடும்.